குட்டைநீர் காட்டிக்கொடுத்த தேதி

சான்பிரான்சிஸ்கோ நகரத்து மார்க்கெட் தெருவில், ஒரு கேபிள் காரின் முகப்பில் கேமராவை நிறுத்தி ஏறத்தாழ 13 நிமிடம் ஓடவிட்டார்கள், திரைப்பட ஸ்டுடியோ நடத்திய மைல்ஸ் சகோதரர்கள். கதை இல்லை, நடிகர் இல்லை. குதிரை வண்டி, டிராம், சைக்கிள், எதிரே வரும் வண்டியைச் சட்டைசெய்யாமல் குறுக்கே நடக்கும் தொப்பிக்காரர்கள், கேமராவைக் கண்டதும் கூடவே ஓடிவரும் பையன்கள். கடைசியில் படகுத்துறைக் கட்டடத்தின் மணிக்கூண்டு. தெருவுக்கடியில் ஓயாமல் ஓடும் இரும்பு வடத்தைப் பற்றிக்கொண்டு நகரும் வண்டி என்பதால் படம் அவ்வளவாகக் குலுங்கவில்லை.

இது எப்போது எடுத்தது? 1905 செப்டம்பர் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் குறிப்பும் அதுதான். டேவிட் கீன் என்ற திரைப்பட வரலாற்றாளருக்குச் சாலையில் தேங்கியிருந்த தண்ணீர் உறுத்தியது. பழைய செய்தித்தாள்களில் வானிலைப் பகுதியைப் புரட்டினார். அந்த செப்டம்பரில் அங்கே மழையே இல்லை. படத்தில் தெரிந்த ஒரு காரின் எண் 1906 தொடக்கத்தில்தான் பதிவாகியிருந்தது. நிழல் விழுந்த கோணமும் வசந்த காலத்தோடு பொருந்தியது. ஆக, படம் எடுத்தது 1906 மார்ச் கடைசி அல்லது ஏப்ரல் தொடக்கம்.

சில மாத வித்தியாசத்துக்கா இத்தனை பாடு? ஆமாம். ஏப்ரல் 18 அதிகாலை 5.12-க்கு நிலம் நடுங்கியது. பின்னாலேயே மூண்ட தீ மூன்று நாளுக்கு மேல் எரிந்தது. 3,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஊரில் பாதிக்கு மேற்பட்டோர் வீடிழந்தார்கள். மைல்ஸ் சகோதரர்களின் ஸ்டுடியோவும் சாம்பலானது. படச்சுருள் தப்பியது, முந்தைய இரவே ரயிலேறி நியூயார்க் புறப்பட்டுவிட்டதால்.

அப்படியே நடந்ததைப் படம்பிடித்தார்கள் என்று முழுக்க நம்பிவிடவும் வேண்டாம். அந்தக் காலத்துக்கு மோட்டார் கார்கள் மிக அதிகமாகத் தெரிகின்றன. கூர்ந்து பார்த்தால், அதே சில கார்கள்தான் கேமராவைச் சுற்றிச்சுற்றி வருகின்றன. நாடக மேடையில் நாலு சிப்பாய்கள் திரைக்குப் பின்னால் ஓடி, மறுபடி மறுபடி வந்து பெரும்படையாவார்களே, அந்த வித்தை! தங்கள் ஊர் நவீனமாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை 1906-லும் இருந்திருக்கிறது.

பழைய படங்களில் மனிதர்கள் வெடுக்வெடுக்கென்று நடப்பதற்கும் காரணம் உண்டு. அன்றைய கேமராக்களைக் கையால் சுற்றுவார்கள். நொடிக்கு ஏறத்தாழ 16 சட்டங்கள் (ஃபிரேம்கள்) பதிவாகும். அதையே நொடிக்கு 24 சட்டம் ஓட்டும் கருவியில் போட்டால் ஊரே அவசரப்படும்.

இப்போது செயற்கை நுண்ணறிவால் நிறம் தீட்டி, இல்லாத சட்டங்களை இடையில் நுழைத்த பதிப்புகள் இணையத்தில் உலவுகின்றன. கண்ணுக்குக் குளுமைதான். ஆனால் படத்தில் வரும் ஒரு பெண்ணின் பாவாடை நீலம் என்று யார் பார்த்தது? கணினி ஊகித்த நிறம் அது. குட்டைநீரையும் நிழலையும் வைத்துத் தேதி கண்டுபிடிக்க வருகிறவருக்கு இந்த அலங்காரம் இடைஞ்சல்.

நிலநடுக்கத்துக்குப் பிறகு மைல்ஸ் சகோதரர்கள் அதே தெருவை, இடிந்தும் எரிந்தும் கிடந்த கட்டடங்களுக்கு நடுவே, மறுபடி படம்பிடித்தார்கள். தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட அதன் ஒரு சுருள் பழைய சாமான் சந்தையில் அகப்பட்டு, 2018-இல் மக்கள் முன் திரையிடப்பட்டது.