ஊரைத் தாண்டிப் பத்திரமாக ஒரு பதிவேடு

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கரையில் ஏறிய சுனாமி, மினாமிசன்ரிகு, ஒனகாவா, ரிகுசென்தகாதா, ஒட்சுச்சி என்ற நான்கு ஊர்களின் குடும்பப் பதிவேடுகளை அலுவலகத்தோடு சேர்த்து அழித்தது. பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் பதியும் ‘கோசெகி’ அது. ஆயிரக்கணக்கானோர் இறந்துபோன நேரத்தில், வாரிசு யார் என்று சொல்லும் ஆவணமே இல்லை. நீதி அமைச்சகத்தின் வட்டார அலுவலகங்களில் நகல் இருந்ததால்தான் மீட்க முடிந்தது. கடைசி நகலுக்குப் பிறகு பதிந்தவற்றைத் தனியே தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. 2013-இல் நகல்கள் தொலைவிலுள்ள மையங்களுக்கு நாள்தோறும் போகத் தொடங்கின.

ஒரு கட்டடம் விழுந்தால் ஓர் ஊரின் நினைவே அழியக்கூடாது. உள்ளாட்சிகள் கிளவுடுக்கு மாறுவதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

கிளவுட் என்பது பெரிய தரவு மையங்களில் அடுக்கிய ஆயிரக்கணக்கான சர்வர்கள். மென்பொருள் ஒரு சர்வரைப் பல மெய்நிகர் கணினிகளாகப் பிரிக்கிறது. வரி கட்டும் கடைசி வாரத்தில் நகராட்சி கூடுதல் திறனை எடுத்துக்கொள்ளலாம், கூட்டம் ஓய்ந்ததும் விட்டுவிடலாம். பயன்படுத்திய அளவுக்கே கட்டணம். ஆனால் வேறு நகரத்தில் ஒரு நகல் தானாக வந்துவிடாது. அதைக் கேட்டு, பணம் கட்டி வாங்க வேண்டும். ஒப்பந்தத்தில் பலரும் கவனிக்காமல் விடும் இடம் இது.

ஜப்பானில் 1,700-க்கும் மேற்பட்ட நகராட்சிகள் ஒவ்வொன்றும் தனக்கென மென்பொருளைத் திருத்தி வைத்திருந்தன. சட்டம் ஒன்று மாறினால் ஒவ்வோர் ஊரும் தனித்தனியே செலவழித்து மென்பொருளை மாற்றும். 2020-இல் கொரோனா உதவித்தொகைக்கு இணையத்தில் வந்த விண்ணப்பங்களைப் பல ஊர்களில் ஊழியர்கள் கையால் சரிபார்த்தார்கள். மறு ஆண்டு வந்த சட்டம், குடியிருப்போர் பதிவு, வரி முதலான 20 பணிகளின் மென்பொருளைப் பொதுத் தரத்துக்குக் கொண்டுவரச் சொன்னது. தரம் கட்டாயம், அரசு ஏற்பாடு செய்யும் கிளவுடுக்கு மாறுவது முயன்றால் போதும் என்ற அளவில்தான். அரசு வைத்த இலக்கு 2026 மார்ச்.

செலவில்தான் சிக்கல். நடைமுறைச் செலவு 2018-ஐவிட 30 சதவீதம் குறையும் என்று அரசு எதிர்பார்த்தது. பல ஊர்களில் அது கூடிவிட்டது. பழைய மென்பொருளை அப்படியே ஏற்றினால், யாரும் தொடாத இரவிலும் கணினி ஓடிக் கட்டணம் ஏறும். தரவு இணைப்புக்கும் தனிச் செலவு. சேவை தருவோரில் பெரும்பாலோர் அமெரிக்க நிறுவனங்கள் என்பதால், யென் சரியும்போது பில்லும் உயர்கிறது. சர்வர் அறையை மூடும் நகராட்சி, அந்த மாதாந்தர பில்லை வரிவரியாகப் படிக்கத் தெரிந்த ஒருவரையாவது பணியில் வைத்திருக்க வேண்டும்.