பறவைக் காய்ச்சலும் நமது வீட்டுப் பிராணிகளும்

கண்டி மாநகரத்து ஏரிக்கரையில் மாலை வேளையில் நடந்து செல்பவர்கள், கரையோர மரங்களிலே கொக்குகளும் நீர்க்காகங்களும் கூட்டங்கூட்டமாக வந்து அடைவதைக் கண்டிருப்பார்கள். நகரத்தைத் தாண்டி ஹந்தானைச் சரிவிலோ, கலகாவிலோ, தெல்தெனியவிலோ வீடுகளை நோக்குவோமாயின், ஏறக்குறைய ஒவ்வொரு வளவிலும் நான்கைந்து கோழிகளையாவது காணலாம். அவற்றோடு ஒரு நாயும் பூனையும் இருக்கும். தோட்டங்களில் லயத்து வாசலுக்கும் கோழிக்கூட்டுக்கும் இடையே பத்தடி தூரங்கூட இருப்பதில்லை. இவ்வாறு மனிதரும் விலங்கும் பறவையும் ஒரே முற்றத்தில் வாழ்வது நம் நாட்டு வாழ்க்கையின் இயல்பு. அதில் குறையொன்றுமில்லை. ஆயினும், பறவைகளிடத்தில் ஒரு கொடிய தொற்றுநோய் தோன்றுமாயின், அந்நோய் கூட்டிலிருந்து பூனைக்கும், பூனையிலிருந்து அடுக்களைக்கும், அங்கிருந்து குழந்தைக்கும் செல்லும் வழியும் அதே முற்றந்தான். அவ்வழியை அடைப்பது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

பறவைக் காய்ச்சல் என்பது இன்புளுவென்சா வகையைச் சேர்ந்த ஒரு வைரசினால் உண்டாகும் நோய். இவ்வகை வைரசுகளின் இயற்கையான உறைவிடம் காட்டு வாத்து முதலிய நீர்ப்பறவைகளின் உடலாகும். அங்கே அவை பெரும்பாலும் தீங்கின்றித் தங்கியிருக்கும். கோழியினத்தைச் சேர்ந்தவுடன் அவற்றுள் சில கொடிய உருக்கொள்ளும். அத்தகைய ஒன்றே எச்5என்1 எனப்படுவது. இது 1996ஆம் ஆண்டிலே தென்சீனத்தின் குவாங்டொங் மாகாணத்து வாத்தினங்களில் முதன்முதலாக இனங்காணப்பட்டது. அடுத்த ஆண்டில் ஹொங்கொங் நகரில் 18 மனிதரைப் பற்றி, அவர்களுள் அறுவரின் உயிரைக் குடித்தது. 2003ஆம் ஆண்டு தொடங்கி உலகெங்கும் 900க்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாகியிருக்கின்றனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்துவிட்டனர். மனிதரை அரிதாகவே பற்றும். பற்றினாலோ கொடுமையாகப் பற்றும் என்பதே இந்நோயின் தன்மை.

நமது அயல்நாட்டைப் பார்ப்போம். இந்தியாவில் இந்நோய் 2006ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் மகாராட்டிரத்து நவாப்பூரிலே முதலில் கண்டறியப்பட்டது. 2014ஆம் ஆண்டு நவம்பரில், நம் தீவுக்கு மிக அண்மையிலுள்ள கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் வாத்துக் கூட்டங்களைத் தாக்கியது. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இமாசலப் பிரதேசத்தின் பொங் நீர்த்தேக்கத்தில் ஆயிரக்கணக்கான வரித்தலை வாத்துகள் மடிந்தன. இராசத்தானம் முதலிய இடங்களில் காகங்கள் செத்து விழுந்தன. 2004ஆம் ஆண்டில் கிழக்காசியாவிலே பரவிய அலையிலிருந்தும், 2006ஆம் ஆண்டில் இந்தியாவிலே எழுந்த அலையிலிருந்தும் இலங்கை தப்பியது. அவ்வாறு தப்பியதை நிலையான பாதுகாப்பு என்று கொள்ளலாகாது. பறவைக்குக் கடல் ஒரு மதிலன்று.

கண்டி மலைநாட்டுக்கு இந்நோய் எவ்வழியாக வரக்கூடும்? குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் ஆறுமணிக்குருவி போன்ற சிறு பறவைகளைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை. கவனிக்கத்தக்கவை நீர்ப்பறவைகளே. அவை பெருங்கூட்டமாக வந்து தங்குமிடங்கள் யாழ்ப்பாணக் கடனீரேரி, மன்னார், புந்தல முதலிய கரையோரங்களாகும். ஆனால் கரையோரத்திலிருந்து மலைநாட்டுக்கு நோய் வர இறகுகள் வேண்டா. கோழிக்கூடையும், முட்டை அடுக்கும் தட்டும், லொறிச் சக்கரமும், வியாபாரியின் பாதணியும் போதும். குருநாகல், கம்பகா, புத்தளம் மாவட்டங்களின் பெரும்பண்ணைகளிலிருந்து கோழிகளும் முட்டைகளும் நாள்தோறும் கண்டிச் சந்தைக்கு வருகின்றன அல்லவா? உலகெங்கும் இந்நோயைப் பண்ணை விட்டுப் பண்ணை கொண்டு சென்றதில் மனிதரின் போக்குவரத்துக்குப் பெரும் பங்குண்டு.

இன்னுமொன்று. நோயுற்ற பறவையின் எச்சத்திலும் எச்சிலிலும் இவ்வைரசு மிகுதியாக வெளிப்படும். 37 பாகை வெப்பத்தில் எச்சத்திலே ஆறு நாள் வரை உயிர்த்திருக்கும் இக்கிருமி, 4 பாகைக் குளிரில் 35 நாள் வரை நிலைத்திருக்கக் கூடியது. நிழலும் ஈரமும் குளிர்ச்சியும் மிகுந்த நம் மலைச்சரிவுகளில், வெய்யில் காயும் சமவெளியைப் போல அது விரைவில் அழிந்துவிடும் என்று நம்பியிருத்தல் ஆகாது.

இனி, வளர்ப்புப் பிராணிகளைப் பற்றிக் கூறுவேன். பறவைக்கு வரும் நோய் பூனைக்கு வருமா என்று பலர் வினவுகின்றனர். வரும் என்பதே விடை. 2004ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் தாய்லாந்தின் ஒரு விலங்குக் காட்சிச் சாலையிலே, நோயுற்ற கோழிகளைப் பச்சையாக உண்ட புலிகளிடையே இந்நோய் பரவிற்று. நோயினால் இறந்தவையும், நோய் பரவாதிருக்கும் பொருட்டுக் கொல்லப்பட்டவையுமாக 147 புலிகள் அழிந்தன. புலியும் பூனையும் ஒரே இனமல்லவா? 2023ஆம் ஆண்டின் கோடையில் போலந்து நாட்டின் பல பகுதிகளில் வீட்டுப் பூனைகள் இந்நோயால் இறந்தன. 2024ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தெக்சாசு மாநிலத்துப் பாற்பண்ணையொன்றிலே, நோயுற்ற பசுக்களின் காய்ச்சாத பாலைக் குடித்த பூனைகளுள் பாதிக்கு மேற்பட்டவை மாண்டன. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தியாவின் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாரா மாவட்டத்திலும் வீட்டுப் பூனைகளிடத்தில் இவ்வைரசு காணப்பட்டது. நாய்கள் இந்நோய்க்குப் பூனைகளைப்போல் எளிதில் ஆளாவதில்லை. எனினும் தாய்லாந்தில் செத்த வாத்தைத் தின்ற நாயொன்று இறந்ததுண்டு.

இச்செய்திகளிலெல்லாம் பொதுவாக நிற்பது எது? நோய் பெரும்பாலும் வாய் வழியாக, பச்சை உணவோடு சென்றிருக்கிறது. நம் வீடுகளில் கோழி உரிக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். வளவின் மூலையில் கோழி அறுக்கப்படும். பூனை முன்னரே வந்து காத்திருக்கும். நாய் வாலாட்டி நிற்கும். குடலும் தலையும் காலும் அவற்றுக்கு எறியப்படும். பிள்ளைகள் சூழ்ந்து நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பின்னர் அதே பூனை உள்ளே வந்து குழந்தையின் பாயில் படுத்துக்கொள்ளும். நெடுங்காலத்துப் பழக்கமாகிய இதனை மாற்றுவதே வீட்டுப் பாதுகாப்பின் முதற்படி. குடலையும் தலையையும் பிராணிகளுக்குக் கொடுக்க விரும்பினால் நன்றாக அவித்துக் கொடுங்கள். பாலையும் காய்ச்சியே கொடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த இறைச்சி என்று எண்ணிப் பச்சையாகக் கொடுத்துவிட வேண்டாம். குளிர் இக்கிருமியைக் கொல்வதில்லை, காப்பாற்றவே செய்யும். கோழி உரிக்கும் வேளையில் பிள்ளைகளையும் பிராணிகளையும் அப்பால் வைத்தல் வேண்டும். இறகு பறிப்பவர் மூக்கையும் வாயையும் துணியால் மறைத்துக்கொள்வது நலம். மனிதரிடையே ஏற்பட்ட நோய்களுட் பல, கோழியை அறுத்து உரிக்கும்போது தொற்றியவையே.

அயலில் நோய் உண்டு என்று அறிவிக்கப்பட்ட காலத்தில் பூனையை வீட்டினுள் வைத்திருங்கள்; நாயைக் கட்டி வளருங்கள். பூனை திடீரென உணவை வெறுத்து, காய்ச்சலுடன் சோர்ந்து, மூச்சு விட வருந்தினாலோ, தள்ளாடி நடந்து வலிப்புக்கு உள்ளானாலோ, அதனைத் தனியறையிலோ பெட்டியிலோ வைத்துவிட்டு மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள். அது பறவையைத் தின்றதா என்பதையும் மறவாது சொல்லுங்கள். அச்சத்தினால் பூனையைச் சாக்கில் கட்டித் தொலைவிலே விட்டுவிடுதல் இரக்கமற்ற செயல் மட்டுமன்று. நோயை இன்னொரு வளவுக்கு அனுப்பும் செயலுமாகும். பூனையிலிருந்து மனிதருக்கு இந்நோய் தொற்றுவது மிக அரிது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

கோழிக்கூட்டைக் காக்கும் முறைகள் எளியவை. கூட்டின் மேல் தகரமோ கிடுகோ வேய்ந்து, பக்கங்களில் வலையடித்துவிட்டால் காட்டுப் பறவைகளின் எச்சம் உள்ளே விழாது. தண்ணீரும் தீனும் கூரையின் கீழேயே இருக்கட்டும். வாத்துக்கு நோய்க்குறி தோன்றாமலே நோய் இருக்கக்கூடும் ஆதலின், வாத்தையும் கோழியையும் ஒரே கூட்டில் அடைக்க வேண்டாம். சந்தையிலிருந்து புதிதாக வாங்கிய கோழியை இரண்டு வாரமேனும் தனியே வைத்துப் பார்த்த பின்னர் மற்றவற்றோடு சேருங்கள். கூட்டுக்கென ஒரு சோடிப் பாதணியை ஒதுக்கி, அதனைக் கூட்டு வாசலிலேயே விட்டு வாருங்கள். எச்சத்தைக் காய்ந்த தூளாகப் பெருக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்த பின்னரே அள்ளுங்கள். முடிவில் கைகளைச் சவர்க்காரமிட்டு நன்கு கழுவுங்கள். இவ்வைரசின் புறத்தே ஒரு மெல்லிய கொழுப்புப் படலம் உண்டு. சவர்க்காரம் அப்படலத்தைக் கரைத்துவிடும். கரைந்தால் கிருமி அழியும். விலையுயர்ந்த மருந்துக்கு நிகரான காவல் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது.

உண்ணும் உணவைப் பற்றி வீண் அச்சம் வேண்டாம். 70 பாகை வெப்பம் உள்வரை சென்று வெந்த இறைச்சியிலும், வெள்ளைக்கருவும் மஞ்சட்கருவும் கட்டியாக வெந்த முட்டையிலும் இக்கிருமி இராது. ஆனால் முட்டைக்கோப்பி அருந்துவதும், பருவமடைந்த பெண் பிள்ளைகளுக்குப் பச்சை முட்டையை நல்லெண்ணெயோடு கொடுப்பதும் நம்மவரிடையே உள்ள வழக்கங்கள். கோப்பியின் சூடு முட்டையை முழுவதும் வேகவைக்கப் போதாது. நோய் நிலவுங் காலத்தில் இவற்றை நிறுத்தி, முட்டையை அவித்துக் கொடுத்தால் போஷாக்கு ஒன்றும் குறைந்துவிடாது. 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஆந்திரப் பிரதேசத்தின் பல்நாடு மாவட்டத்திலே இரண்டு வயதுக் குழந்தையொன்று இந்நோயால் இறந்தது. அக்குழந்தை பச்சைக் கோழியிறைச்சியை உண்டிருந்ததாக அறிவிக்கப்பட்டது. இதைவிட வேறு எச்சரிக்கை நமக்கு வேண்டியதில்லை.

இப்பொழுது எல்லாவற்றிலும் கடினமான விடயத்துக்கு வருகிறேன். கூட்டில் ஒரு கோழி தலை வீங்கி, கொண்டை நீலம்பாரித்துத் தூங்கி விழுகிறது. மறுநாள் இரண்டு சாகின்றன. வீட்டுக்காரர் என்ன செய்வார்? பத்துக் கோழிகளின் முட்டையை விற்றுப் பிள்ளையின் பாடசாலைச் செலவைப் பார்க்கும் குடும்பத்துக்கு அக்கோழிகளே முதல். மிஞ்சியவற்றை இன்றே அறுத்துவிடலாம், அல்லது விடியுமுன் விற்றுவிடலாம் என்ற எண்ணம் எழுவது இயற்கை. அரசாங்க அலுவலருக்குச் சொன்னால் எல்லாவற்றையும் கொன்றுவிடுவார்களே என்ற அச்சமும் உண்டு. அந்த அச்சத்தை நாம் இகழலாகாது. ஆனால் அறுக்கும் கையே முதலில் நோயை ஏற்கும் கை என்பதையும், விற்ற கோழி அயலவர் கூட்டையும் அழிக்கும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அன்றியும், செத்த கோழியெல்லாம் பறவைக் காய்ச்சலால் செத்ததன்று. ராணிக்கெட் எனப்படும் கழிச்சல் நோயும் ஏறக்குறைய இதே குறிகளோடு கோழிகளைக் கூட்டாக அழிக்கும். அதற்குத் தடுப்பு மருந்து உண்டு. இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரித்தறிதல் வைத்தியருக்கும் இயலாது. ஆய்வுகூடந்தான் சொல்ல முடியும். இவ்வகையில் கண்டியைச் சூழ வாழ்பவர்கள் பேறு பெற்றவர்கள். நாட்டின் மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் கன்னொறுவையில் இருக்கிறது. கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் தலைமையகம் கெட்டம்பேயில் இருக்கிறது. மிருக வைத்தியக் கல்வியைப் போதிக்கும் பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இத்தனை அறிவும் அடுத்த மலைக்கப்பால் இருக்கையில், ஊகத்தினால் அஞ்சியோ ஊகத்தினால் துணிந்தோ நடப்பது ஏன்? உங்கள் பிரதேசத்து அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது வேறு நோயாகவே இருக்கும். எஞ்சிய கோழிகளைக் காப்பாற்ற வழியும் கிடைக்கும். பறவைக் காய்ச்சலாகவே இருந்தாலும், ஒரு கூட்டோடு நிற்பதா, ஓர் ஊர் முழுவதும் பரவுவதா என்பதை நீங்கள் சொல்லும் நாளே தீர்மானிக்கும்.

ஏரிக்கரையிலோ வளவிலோ காகமோ கொக்கோ ஒன்று இறந்து கிடப்பது புதுமையன்று. பல ஒரே காலத்தில் இறந்து கிடந்தால் அது செய்தி. வெறுங்கையால் தொடாதீர்கள், பிள்ளைகளையும் நாயையும் அண்ட விடாதீர்கள், மிருக வைத்திய அலுவலகத்துக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ அறிவியுங்கள். செத்த பறவையை மகாவலியிலோ ஓடையிலோ எறிவது கீழேயுள்ள ஊர்களுக்கு நாம் செய்யும் தீங்காகும். அலுவலர் புதைக்கச் சொன்னால், கையுறையோ பொலித்தீன் பையோ கையில் அணிந்து, கிணற்றுக்கு அப்பால் ஆழக்குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

நோயுற்ற பறவைகளோடு பழகியவருக்குப் பத்து நாட்களுக்குள் காய்ச்சலோ இருமலோ கண் சிவத்தலோ ஏற்பட்டால், வைத்தியசாலைக்குச் சென்று முதல் வார்த்தையாகக் கோழி செத்த செய்தியைச் சொல்லுதல் வேண்டும். இதற்கு மருந்துண்டு. அம்மருந்து இரண்டு நாட்களுக்குள் தொடங்கப்பட்டால் மிகுந்த பயனளிக்கும். சொல்லாத நோயை வைத்தியர் சாதாரணத் தடிமன் என்றே கருதக்கூடும்.

நேயர்களே, பறவைகளை வெறுத்து மரங்களை வெட்டுவதும், வளர்த்த பூனையைத் துரத்துவதும், கோழி வளர்ப்பைக் கைவிடுவதும் இந்நோய்க்குப் பரிகாரமாகா. கூட்டுக்கும் அடுக்களைக்கும் இடையே ஓர் எல்லை, பிராணியின் தட்டில் வெந்த உணவு, கையில் சவர்க்காரம், ஐயம் தோன்றிய அன்றே அறிவிக்கும் மனம் ஆகிய இந்நான்கும் இருக்குமாயின், நமது வளவிலுள்ள உயிர்கள் அனைத்தும் முன்போல ஒன்றாகவே வாழலாம்.