தென் கொரியப் பள்ளிகளில் வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்

தென் கொரியாவில் வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர் என்பவர், கொரிய ஆங்கில ஆசிரியருடன் இணைந்து பேச்சு ஆங்கிலம் கற்பிப்பதற்காக ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்படுபவர் ஆவார். அரசுப் பள்ளிகளுக்கு இவர்களைத் தேர்ந்தெடுக்கும் எபிக் திட்டம் 1995இல் தொடங்கப்பட்டது. ஒப்பந்தம் பொதுவாக ஓராண்டுக்கானது, பின்னர் புதுப்பிக்கப்படலாம். 2010 முதல் இந்தியர்களும் சில நிபந்தனைகளுடன் இப்பணிக்குத் தகுதி பெற்றுள்ளனர்.

தகுதி

இப்பணிக்கு இ-2 விசா தேவை. அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாடுகளின் குடிமக்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களாகக் கருதப்படுகின்றனர். இவர்களுக்கு ஏதேனும் ஒரு பாடத்தில் இளநிலைப் பட்டம் இருந்தால் விசா பெறலாம்.

இந்தியா–கொரியா விரிவான பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் 2009 ஆகஸ்ட் 7இல் கையெழுத்தாகி, 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இந்தியர்கள் தொடக்க, இடைநிலை, மேல்நிலைப் பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியர்களாகப் பணியாற்றலாம். ஆனால் அவர்களிடம் பட்டத்துடன் ஆங்கில ஆசிரியர் தகுதிச் சான்றும் இருக்க வேண்டும். ஆகவே பி.எட். முடித்து, பல ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்த இந்தியருக்கும், ஆசிரியப் பயிற்சியே இல்லாத வேறு நாட்டுப் பட்டதாரிக்கும் விதிகள் வேறுபடுகின்றன. மொழித்திறனைக் காட்டிலும் கடவுச்சீட்டுக்கு முதலிடம் தரப்படுகிறது என்ற விமர்சனத்துக்கு இதுவே காரணம்.

அன்றாடப் பணி

கொரிய மேல்நிலைப் பள்ளி, 10 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான 3 ஆண்டுப் படிப்பைக் கொண்டது. கல்வியாண்டு மார்ச் மாதம் தொடங்குகிறது. ஆசிரியர் காலை 8.30 மணியளவில் பள்ளிக்கு வந்து, வெளிக் காலணியைக் கழற்றி உள்காலணி அணிந்துகொள்வார். வாரத்துக்கு 40 மணி நேரம் பள்ளியில் இருக்க வேண்டும். அதில் பாடவேளைகள் 22 வரை இருக்கும். ஒரு பாடவேளை 50 நிமிடம்.

ஒவ்வொரு பிரிவையும் பெரும்பாலும் வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே சந்திப்பதால், ஒரே பாடத்தைப் பல பிரிவுகளுக்குத் திரும்பத் திரும்ப நடத்த நேரிடும். பல நூறு மாணவர்களின் பெயர்களை நினைவில் கொள்வதும் கடினம். மாணவர்கள் ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. 'சொன்செங்னிம்' என்றே அழைப்பர். இது தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 'சார்', 'டீச்சர்' என்று அழைப்பதைப் போன்றது.

மதிய உணவில் சோறு, சூப், கிம்ச்சி, வேறு சில பக்க உணவுகள் ஆகியவை தடுப்புத் தட்டில் வழங்கப்படும். சூப் பெரும்பாலும் நெத்திலிக் கருவாட்டுச் சாற்றிலும், கிம்ச்சி உப்பிட்ட இறாலோ மீன் சாறோ சேர்த்தும் தயாரிக்கப்படுவதால், சைவ உணவு உண்போர் வீட்டிலிருந்து உணவு எடுத்துச் செல்வது நல்லது. விடுமுறையிலும் ஆங்கில முகாம் நடத்துவது, மாணவர்கள் இல்லாத பள்ளியில் மேசை முன் அமர்ந்திருப்பது போன்ற கடமைகள் உண்டு.

மொழிச் சிக்கல்கள்

கொரிய மொழியில் ஆங்கில எஃப் ஒலி இல்லாததால் 'காஃபி' என்பது 'கொபி' ஆகிறது. சில மெய்யொலிகளில் முடியும் சொற்களின் இறுதியில் உகரம் போன்ற ஓர் ஒலி சேர்வதால் 'பஸ்' என்பது 'பொஸு' ஆகிறது. தமிழிலும் 'காப்பி', 'பஸ்ஸு' என்று சொல்லும் வழக்கம் இருப்பதால், தமிழ் ஆசிரியருக்கு இப்பிழைகளின் காரணம் எளிதில் புரியும்.

சுனுங் தேர்வு

மேல்நிலைப் பள்ளி வாழ்க்கையின் மையம், நவம்பரில் நடைபெறும் சுனுங் எனும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. இது 1993இல் அறிமுகமானது. ஆங்கிலத் தாளில் 70 நிமிடங்களில் 45 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். அவற்றில் 17 கேட்டல் வினாக்கள், 28 வாசிப்பு வினாக்கள். கேட்டல் பகுதி நடக்கும்போது நாடெங்கும் விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நிறுத்தப்படுகின்றன.

இத்தனை கவனம் பெறும் தேர்வில் பேச்சுப் பகுதி இல்லை. எனவே பேச்சு ஆங்கிலத்துக்காகவே அழைக்கப்பட்ட ஆசிரியரின் வகுப்பு, மதிப்பெண்ணுக்கு உதவாத வகுப்பாகப் பார்க்கப்படுவதுண்டு. இரவு 10 மணி வரை சுயபடிப்பிலோ 'ஹாக்வொன்' எனும் தனிப்பயிற்சி நிலையத்திலோ இருந்துவிட்டு வரும் மாணவர்கள் அவ்வகுப்பில் தூங்குவதும், வேறு பாடத்தைப் படிப்பதும் உண்டு. மறுபுறம், தவறாகப் பேசினாலும் மதிப்பெண் குறையாது என்பதால், சில மாணவர்கள் அச்சமின்றி ஆங்கிலம் பேசிப் பழகும் இடமாகவும் அது அமைகிறது.

தமிழ்நாட்டுத் தொடர்பு

சென்னையின் மேற்குப் புறநகரில் வேலப்பன்சாவடி, பூந்தமல்லி வழியாகச் செல்லும் பெங்களூரு நெடுஞ்சாலையில், திருப்பெரும்புதூர் அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் கார் ஆலை அமைந்துள்ளது. 1998இல் உற்பத்தி தொடங்கியதிலிருந்து இப்பகுதியில் கொரியர்களின் வருகை பெருகியது. சென்னையிலுள்ள இன்கோ மையம் கொரிய மொழி வகுப்புகளை நடத்துகிறது. கொரியாவில் கற்பிக்க விரும்புவோர் அடிப்படைக் கொரிய மொழியை இங்கேயே கற்றுக்கொள்ளலாம். இப்பணிக்குக் கொரிய மொழி அறிவு கட்டாயம் இல்லை. எனினும் இணை ஆசிரியருடன் சேர்ந்து பாடம் திட்டமிடவும், வகுப்பில் மாணவர் தமக்குள் பேசிக்கொள்வதைப் புரிந்துகொள்ளவும் அது பெரிதும் உதவும்.