குருளைக்கு மூலிகைத் தீவனம்

பன்றியின் இளமைப்பெயரைக் 'குருளை' எனக் குறிக்கிறது தொல்காப்பிய மரபியல். குருளையின் வாழ்வில் கடினமானது, அது தாய்ப்பாலை மறக்கும் காலம். திடீரென உணவு மாறுவதால் செரிமானம் தடுமாறும். பால் வழங்கிய நோய்த்தடுப்பாற்றலும் நின்றுவிடும். அப்போது குடலில் ஈ.கோலை பாக்டீரியா பெருகிக் கழிச்சலை உண்டாக்குகிறது.

இதனைத் தடுக்கவும் எடையைக் கூட்டவும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் தீவனத்தில் சிறிதளவு தொடர்ந்து கலக்கப்பட்டன. அவற்றுக்குத் தப்பிய பாக்டீரியாக்கள் எதிர்ப்பாற்றலோடு பெருகின. அவை மனிதரைத் தாக்கினால் அதே மருந்து பயன் தராது. ஆதலால், வளர்ச்சிக்காக இம்மருந்துகளைக் கலப்பதை ஸ்வீடன் 1986இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2006இலும் தடை செய்தன. கொலிஸ்டின் என்னும் மருந்தை உணவுக்கான விலங்குகளுக்கு அளிப்பதை இந்தியா 2019இல் தடை செய்தது.

மாற்றுக்கான பொருள்கள் திண்டுக்கல் வீடுகளின் அஞ்சறைப்பெட்டிக்கு அயலானவை அல்ல. பூண்டை நசுக்கும்போது உருவாகும் அல்லிசினும் ஓமத்திலுள்ள தைமாலும் பாக்டீரியாக்களை ஒடுக்குகின்றன. மஞ்சளின் குர்குமின் அழற்சியைத் தணிக்கிறது. இம்மாவட்டத்தின் கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வரும் முருங்கையின் இலையோ புரதம் மிகுந்தது.

எனினும், மூலிகையின் வீரியம் மண்ணுக்கும் பருவத்திற்கும் ஏற்ப மாறும். கார மணம் மிகுந்தால் குருளை தீவனத்தை ஒதுக்கும். உலர்ந்த தரை, தூய நீர், இளஞ்சூடு ஆகியவை அமைந்த கொட்டிலிலேயே மூலிகை துணைசெய்யும். நோயுற்ற குருளைக்குக் கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி மருந்தளிப்பதே முறை. கொட்டிலில் வீணாக்காத மருந்து, மருத்துவமனையில் ஒரு குழந்தையின் உயிரைக் காக்கும்.