சந்தைத் தூணில் ஒரு பெண்

இங்கிலாந்தின் தென்மேற்கே, வில்ற்ஷயர்ப் பகுதியில், டிவைசிஸ் என்றொரு பழம்பட்டினம் உண்டு. அரசனுடைய நிலமும் ஆயருடைய நிலமும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் 1080ஆம் ஆண்டளவில் ஒஸ்மண்ட் என்னும் ஆயர் ஒரு கோட்டையை எழுப்பினார். எல்லைகளைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே திரிந்து ஊர்ப்பெயராயிற்று. அக்கோட்டை இன்றில்லை, மேட்டின்மீது காண்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் மாளிகை. ஆயினும் பழைய அரணைச் சுற்றி வளைந்த தெருக்கள் இன்றும் வளைந்தே செல்கின்றன.

வியாழக்கிழமை இங்கு சந்தை நாள். காய்கறிக் கூடைகளுக்கும் துணிக் கடைகளுக்கும் நடுவே கோபுரம்போன்ற கற்றூண் ஒன்று நிற்கின்றது. நாட்டின் முதலமைச்சராக இருந்தவரும், அதற்கு முன்பே இவ்வூரின் பாராளுமன்ற உறுப்பினராக விளங்கியவருமான சிட்மத் பிரபு 1814இல் அளித்த கொடை அது. அவருடைய புகழைப் பொறித்த கல்லிலேயே, கட்டடத்தின் உறுதியைத் துணைக்கொண்டு, நகரசபையார் வேறொரு செய்தியையும் பொறித்துவைத்தனர். அதைப் படிப்பதற்கென்றே நாம் அங்கு போகவேண்டும்.

1753ஆம் ஆண்டு தை மாதம் 25ஆம் நாள். அன்றும் வியாழக்கிழமைதான். அயலூராகிய பொற்றேணைச் சேர்ந்த றூத் பியேர்ஸ் என்பவளும் வேறு மூன்று பெண்களும் பங்குபோட்டு ஒரு மூட்டை கோதுமை வாங்க இசைந்தனர். பணத்தைச் சேர்த்தபோது குறைவு தெரிந்தது. ஒருத்தி றூத்திடம் மிகுதியைக் கேட்டாள். தன் பங்கைக் கொடுத்துவிட்டதாகச் சாதித்த றூத், கொடாதிருந்தால் இந்த இடத்திலேயே செத்து விழுவேனாக என்றாள். அச்சூளுரையை மீண்டும் சொன்னவள், கூடியிருந்தோர் நடுங்க, விழுந்து இறந்தாள். பணம் அவளுடைய கைக்குள்ளேயே இருந்ததாம்.

கல் இதைத் தெய்வ தண்டனை என்கின்றது. நாம் அவ்வளவு விரைவில் தீர்ப்புச் சொல்லத் துணியோம். தனியாக ஒரு மூட்டை வாங்க வகையில்லாத நால்வர், தைமாதக் குளிர், எல்லோர் முன்னிலையிலும் எழுந்த வழக்கு. அந்த நடுக்கத்தில் ஓர் இதயம் நின்றுபோவதற்கு வானத்திலிருந்து இடி விழவேண்டுமா? மற்ற மூவரின் பெயர்களைக் கல் சொல்லவில்லை. சில காசுகளுக்காகப் பொய் சொன்னவளின் பெயர் மட்டும், பிரபுவின் பெயரோடு நிலைத்துவிட்டது.

இதே ஊரார் வேறொரு பொய்யைக் கொண்டாடுகிறார்கள் என்பதுதான் வேடிக்கை. ஊரிலுள்ள கிரம்மர் என்னும் குளத்திற் கள்ளக்கடத்தற்காரர் சாராயப் பீப்பாக்களை ஒளித்துவைத்தார்களாம். நிலவு காய்ந்த ஓரிரவு வாரிகளால் அவற்றை இழுக்கும்போது சுங்க அதிகாரிகள் வந்துவிட்டார்கள். உடனே அவர்கள் நீரில் விழுந்த நிலவின் நிழலைக் காட்டி, அதோ பாற்கட்டி, அதைத்தான் வாருகிறோம் என்றனர். பட்டிக்காட்டு மூடர்கள் என்று நகைத்தபடி அதிகாரிகள் போய்விட்டார்கள். இக்குளத்தின் பெருமைக்கு வில்ற்ஷயரின் வேறு ஊர்களும் உரிமை கோருவதுண்டு.

1787இல் கதை அச்சேறியபோது சாராயமும் இல்லை, சுங்கமும் இல்லை. நிலவை வாரி எடுக்க முயன்ற மூடர்கள் மட்டுமே இருந்தார்கள். அயலார் செய்த கேலியைத் தமக்குச் சாதகமாகத் திருப்பிக்கொண்ட வில்ற்ஷயர் மக்கள், நிலவு வாரிகள் என்ற பட்டத்தை இன்று பெருமையோடு சூடிக்கொள்கின்றனர்.

சந்தையிலிருந்து அக்குளத்துக்கு நடந்தே போய்விடலாம். பகலில் அங்கு வாத்துக்கள் நீந்துகின்றன.