பழைய சொகுசுக் கார்: முதலில் ரப்பரைக் கவனியுங்கள்

பழைய சொகுசுக் கார் வைத்திருப்போர் பலருக்கு இரட்டை ஆசை உண்டு. பின்னிருக்கையில் அமரும் பெற்றோருக்கு அலுங்காத பயணம் வேண்டும். வளைவிலும் கார் அதிகம் சாயாமல் திரும்ப வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்குமா?

1984-இல் அறிமுகமான மெர்சிடிஸ் டபிள்யூ124 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் பின்சக்கரம் ஒவ்வொன்றையும் ஐந்து தண்டுகள் பிடித்திருக்கின்றன. தண்டு முனைகளில் ரப்பர் புஷ்கள் உண்டு. அதிர்வை விழுங்குவதும், சக்கரம் திசை மாறாமல் காப்பதும் அவைதாம். வயதாகி அந்த ரப்பர் வெடித்துவிட்டால் கார் குலுங்கும், வளைவில் தடுமாறும்.

இதைக் கவனிக்காமல் பலர் தாழ்வான, கடினமான ஸ்பிரிங்கையும் 17 அங்குலச் சக்கரத்தையும் மாட்டிவிடுகின்றனர். டயரின் பக்கச்சுவர் குறுகுவதால், பள்ளத்தில் விழும் அடி நேரே முதுகுக்கு வருகிறது. பழைய பழுதோ அப்படியே இருக்கிறது.

எனவே முதலில் புஷ்களை மாற்ற வேண்டும். அடுத்தது, ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் அப்சார்பர். அது தேய்ந்தால் பிரேக் பிடித்துக் கார் நிற்கும் தூரமும் கூடும். மழைச் சாலையில் இது ஆபத்து. பிறகு டயர். பல டபிள்யூ124 கார்களுக்குத் தொழிற்சாலை தந்த 195/65, 15 அங்குல அளவே சொகுசுக்கு ஏற்றது. கடைசியாகச் சக்கர அலைன்மெண்ட்.

அதன் பிறகும் சாய்வு அதிகமெனத் தோன்றினால், சற்றே தடித்த சாய்வுத் தடுப்புத் தண்டு பொருத்தலாம். நேர்ச்சாலையில் அது சொகுசை அதிகம் கெடுக்காது.

ஸ்பிரிங் வாங்கப் பணம் கொடுக்கும் முன், பட்டறையில் காரைத் தூக்கி, புஷ்களைக் காட்டச் சொல்லுங்கள்.