நூறு டன் வெள்ளியும் ஒரு லைஃப்போட்டும்

பி.காம். படித்தபோது எனக்குப் பிடிக்காத பாடங்கள் பல உண்டு. அதில் முதல் ராங்க் மரைன் இன்ஷூரன்ஸுக்கு. சுண்டல் விற்கிற கரையைத் தாண்டிக் கடலைப் பார்த்தறியாத அறுபது பேருக்கு, கப்பலையே பார்த்தறியாத ஒரு வாத்தியார் 'சப்ரோகேஷன்' என்றால் என்னவென்று விளக்கிக் கொண்டிருந்தார்.

"நஷ்ட ஈடு எவன் கொடுத்தானோ, மூழ்கின சரக்கு அவனுக்குச் சொந்தம். எழுதிக்கோ, அஞ்சு மார்க்!"

"கடலுக்கடியில கிடக்கிற சரக்கை வச்சுக்கிட்டு அவன் என்ன சார் பண்ணுவான்?" என்று நான் கேட்டேன். வகுப்புக்கு வெளியே நின்றபடி மீதிப் பாடத்தைக் கேட்டேன்.

பதில் 2012-இல் பேப்பரில் வந்தது. அட்லாண்டிக் கடலுக்கு அடியிலிருந்து ஓர் அமெரிக்கக் கம்பெனி வெள்ளிப் பாளங்களை மேலே கொண்டு வந்திருந்தது. பிரிட்டிஷ் அரசாங்கத்தோடு போட்ட ஒப்பந்தம். கப்பலின் பெயர் எஸ்.எஸ்.கெர்சொப்பா.

கெர்சொப்பாவா! அது நம்ம கர்நாடகா ஆச்சே? ஆமாம். சராவதி ஆற்றங்கரையில் இருக்கிற ஊர்தான். ஜோக் நீர்வீழ்ச்சிக்கு அந்தக் காலத்தில் கெர்சொப்பா நீர்வீழ்ச்சி என்றுதான் பெயர். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிக்காரர்களுக்குக் கப்பல்களுக்கு இந்த மாதிரி ஊர்ப் பெயர் வைப்பதில் ஓர் ஆசை. கப்பல் பிறந்தது இங்கிலாந்தில், 1919-இல். முதல் உலக யுத்தத்துக்காகக் கட்ட ஆரம்பித்து, முடிப்பதற்குள் யுத்தம் முடிந்துவிட்டது. சுமார் 5,200 டன், நீளம் 412 அடி. நிலக்கரியில் ஓடும் சாதாரண சரக்குக் கப்பல். இருபது வருஷம் மூட்டை சுமந்து பிழைத்தது. இரண்டாவது யுத்தம் அதை விடவில்லை.

1940 டிசம்பரில் கல்கத்தாவில் சரக்கு ஏற்றினார்கள். வார்ப்பிரும்பு, தேயிலை, தபால் மூட்டைகள், கூடவே வெள்ளி. இத்தாலி யுத்தத்தில் இறங்கியதால் மத்தியதரைக் கடல் வழி ஆபத்தாகியிருந்தது. எனவே ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் போக வேண்டும். சியரா லியோனில் உள்ள ஃப்ரீடவுனிலிருந்து 1941 ஜனவரி 30-ஆம் தேதி 'எஸ்.எல்.64' என்ற கான்வாயோடு கிளம்பியது. கான்வாய் என்றால் நம்ம ஊர் மந்திரி கார்கள் மாதிரி வேகமாகப் போவதல்ல. கூட்டத்தில் எது மெதுவான கப்பலோ அதன் வேகம்தான் எல்லோருக்கும்.

கெர்சொப்பாவால் அந்த வேகத்துக்கே ஈடு கொடுக்க முடியவில்லை. எதிர்க்காற்று, ராட்சத அலை. நிலக்கரி கரைந்துகொண்டே வந்தது. இதே வேகத்தில் போனால் இங்கிலாந்து வரை வராது என்று கேப்டன் ஜெரால்ட் ஹைலண்டுக்குத் தெரிந்துவிட்டது. பிப்ரவரி 14 அன்று கூட்டத்தை விட்டுப் பிரிந்து, வேகத்தைக் குறைத்துக்கொண்டு, நடுநிலை நாடான அயர்லாந்தின் கால்வே துறைமுகத்தை நோக்கித் திரும்பினார். பெட்ரோல் தீரப் போகிற பைக்கை உருட்டாமல் ஓட்டிக்கொண்டு பங்க் தேடிய அனுபவம் உள்ளவர்களுக்கு அந்த மனுஷனின் அவஸ்தை புரியும். என்ன, நம் தலைக்கு மேல் ஜெர்மன் விமானம் வட்டமடிக்காது.

அவர் தலைக்கு மேல் வட்டமடித்தது, பிப்ரவரி 16-ஆம் தேதி. அன்று இரவு யு-101 என்ற நீர்மூழ்கி டார்ப்பீடோ விட்டது. முன் பாய்மரக் கம்பம் சாய்ந்து வயர்லெஸ் ஏரியலையும் இழுத்துக்கொண்டு விழுந்ததால் "காப்பாற்றுங்கள்" என்று சொல்லக்கூட வழியில்லை. இருபது நிமிஷத்தில் கப்பல் காணாமல் போயிற்று.

கப்பலில் இருந்தவர்கள் மொத்தம் 86 பேர். அவர்களில் பெரும்பாலோர் லஸ்கர்கள். கல்கத்தா கப்பல்களில் அடுப்புக்குக் கரி தள்ளவும், டெக்கில் வேலை செய்யவும் சில்ஹெட், நவகாளி, சிட்டகாங் பக்கத்து ஆட்கள்தான் வழக்கமாக வருவார்கள். சம்பளம், வெள்ளைக்கார மாலுமி வாங்குவதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. சில கப்பல்களில் அதற்கும் கீழே. 1939-இல் யுத்தம் வந்ததும், 'டார்ப்பீடோ எங்களுக்கும் சேர்த்துத்தானே வருகிறது, கூலியைக் கூட்டு' என்று லஸ்கர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கொஞ்சம் கூடியது. சிலருக்குக் கூலியோடு ஜெயிலும் கிடைத்தது.

செகண்ட் ஆபீசர் ரிச்சர்ட் அயர்ஸ் இருந்த லைஃப்போட் ஒன்றுதான் கடைசியில் மிஞ்சியது. அதில் முப்பது பேருக்கு மேல். பெரும்பாலும் லஸ்கர்கள். கரை சுமார் முந்நூறு மைல். ஒரு பாய், கொஞ்சம் பிஸ்கட், கொஞ்சம் தண்ணீர். மாதமோ பிப்ரவரி, கடலோ வட அட்லாண்டிக். கல்கத்தா டிசம்பருக்கே கம்பளி போர்த்துகிற ஜனங்கள் நனைந்த துணியோடு திறந்த படகில் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் வாரம் முடிவதற்குள் பலர் குளிரிலேயே போய்விட்டார்கள். பிறகு தண்ணீரும் தீர்ந்தது. மழை பெய்தால் குடிக்கலாம், பெய்தால் இன்னும் குளிரும். அயர்ஸ் மட்டும் படகைக் கிழக்குப் பார்த்தே ஓட்டிக்கொண்டிருந்தார்.

பதின்மூன்றாம் நாள், மார்ச் 1. கார்ன்வாலில் உள்ள லிசார்டு முனையின் கலங்கரை விளக்கம் கண்ணுக்குத் தெரிந்தது. அப்போது படகில் ஒரு சிலரே உயிரோடு. பாறைகள் நிறைந்த ஒரு சின்னக் குடாவுக்குள் படகைத் திருப்பினார்கள். கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம். அங்கேதான் அலை படகைக் கவிழ்த்தது.

குண்டுவீச்சுக்குப் பயந்து நகரத்திலிருந்து அந்தக் கிராமத்துக்கு அனுப்பப்பட்டிருந்த சில சிறுமிகள் இதைப் பார்த்துவிட்டு உதவிக்கு ஓடினார்கள். கடலிலிருந்து உயிரோடு இழுக்கப்பட்டவர் ஒருவரே ஒருவர்தான், அயர்ஸ். 85 பேர் போய்விட்டார்கள். அவருக்கு எம்.பி.ஈ. விருது கொடுத்தார்கள். உடம்பு தேறியதும் மறுபடி கப்பல் வேலைக்கே போனார். என்னைக் கேட்டால் அந்த இரண்டாவது காரியத்துக்குத்தான் விருது கொடுத்திருக்க வேண்டும். 1992-இல் காலமானார்.

இனி என் வாத்தியாரின் அஞ்சு மார்க். வெள்ளிக்கு யுத்த ஆபத்து இன்ஷூரன்ஸ் கொடுத்திருந்தது பிரிட்டிஷ் அரசாங்கம். சொந்தக்காரர்களுக்கு நஷ்ட ஈடு கொடுத்த நிமிஷமே, கடலுக்கடியில் கிடக்கிற வெள்ளி அரசாங்கத்தின் சொத்தாகிவிட்டது. எழுபது வருஷம் கழித்து அதை எடுத்துத் தரச் சொல்லி ஒடிஸி மரைன் எக்ஸ்ப்ளொரேஷன் என்ற ஃப்ளோரிடா கம்பெனிக்குக் காண்ட்ராக்ட் விட்டார்கள். செலவு போக மிச்சத்தில் கம்பெனிக்கு 80 சதவீதம், அரசாங்கத்துக்கு 20. செலவும் ரிஸ்க்கும் கம்பெனியுடையது. நம் பக்கத்தில் வாரத்துக்கு நிலம் விடுகிறவர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

2011-இல் கப்பலைக் கண்டுபிடித்தார்கள். ஆழம் 4,700 மீட்டர், டைட்டானிக் கிடப்பதைவிட அதிகம். மனிதன் இறங்க முடியாது, ரோபோதான். 2012-இல் 1,218 பாளங்கள், 2013-இல் 1,574. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 35 கிலோ. மொத்தம் சுமார் நூறு டன். இன்ஷூர் செய்த வெள்ளியில் 99 சதவீதம் வசூல்! எந்த பாங்க்காரராவது இந்த ரெகவரி ரேட்டைக் கேட்டால் அழுதுவிடுவார். அதில் ஒரு பகுதியை பிரிட்டனின் ராயல் மின்ட் காசாக அடித்து, விளிம்பில் கப்பலின் பெயரையும் பொறித்து விற்றது.

வெள்ளியோடு இன்னொன்றும் வந்தது. கடிதங்கள். எழுநூறுக்கு மேல். வெளிச்சமும் காற்றும் எட்டாத மூலையில் இறுகிக் கிடந்ததால் காகிதம் கரையவில்லை. 1940 கடைசியில் இந்தியாவிலிருந்து எழுதியவை. கல்யாணத்துக்கு அவள் சம்மதித்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில் ஒரு சிப்பாய் எழுதிய பதிலும் அதில் இருந்தது. லண்டன் தபால் மியூசியத்தில் 2018-இல் கண்காட்சியாக வைத்தார்கள். எழுதினவர் யார், போக வேண்டியது யாருக்கு என்று உறவுக்காரர்களைத் தேடிக்கூடப் பார்த்தார்கள். நல்ல காரியம். படிக்கும்போது எனக்கே தொண்டை அடைத்தது.

அப்புறம்தான் தோன்றியது: அடுப்புக்குக் கரி தள்ளியவன் வீட்டுக்கு அந்த மூட்டையில் என்ன இருந்திருக்கும்? கடிதங்கள் போனது கல்கத்தாவிலிருந்து இங்கிலாந்துக்கு. அவன் வீடு எதிர்த் திசையில்.

யுத்தத்தில் கடலில் போன பிரிட்டிஷ் வணிகக் கப்பல்காரர்களின் பெயர்கள் லண்டனில் டவர் ஹில் நினைவிடத்தில், கப்பல் கப்பலாக, வெண்கலப் பலகைகளில் இருக்கின்றன. தெருவில் போகிறவன்கூட நின்று படிக்கலாம். இந்திய மாலுமிகள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் ஒரு புத்தகத்தில் இருக்கின்றன. அதன் ஒரு பிரதி மும்பையில் மாலுமிகள் இல்லத்தில், இன்னொன்று வங்கதேசத்தின் சிட்டகாங்கில். பார்க்க வேண்டுமானால் உள்ளே போய்க் கேட்டு வாங்கிப் புரட்ட வேண்டும்.